நாவலுக்கு விமர்சனம் சொல்றவர் வேலை எது வரைக்கும்?

#1 நொய்யல்கரை

எங்க வாசகர் வட்டத்துல மாசம் ஒரு நாவல் எடுத்துப் பேசறோமுங்க. பெரும்பாலும் கொங்கு மண்ணை வெச்சு எழுதினது. ஒருத்தர் இருபது நிமிசம் பேசணும், அப்புறம் மத்தவங்க. பேசறவரு ஒண்ணு கதைச் சுருக்கத்தைச் சொல்லிட்டு உக்காந்துக்கறாரு, இல்லாட்டி "மண்வாசனை", "யதார்த்தம்"னு நாலு சொல்லுல முடிச்சுக்கறாரு. "இது நாவலே இல்லை"ன்னு சொல்றவங்களும் உண்டு. ஏன்னு கேட்டா "எனக்கு அப்படித் தோணுச்சு".

விமர்சகர்னு ஒருத்தர் எதுக்குங்க? தீர்ப்பு சொல்லணுமா, விளக்கினாப் போதுமா? தகவல் பிழை பாக்கறதும் அவர் வேலைதானா? செய்முறையாச் சொல்லுங்க, தத்துவம் வேண்டாம்.

#2 அரிக்கேன்

தீர்ப்பு சொல்லத்தான் வேணும். ஆனா கேக்கறவர் புத்தகத்தைத் திறந்து அதைச் சரிபார்க்க முடியணும். "உரையாடல் செயற்கையா இருக்கு"ன்னா எந்தப் பக்கம், யார் யார்கிட்டப் பேசறது, எந்தச் சொல் இடறுது, மூணும் வரணும். வந்துட்டா எதிரில் இருக்கறவர் ஒத்துக்கலாம், மறுக்கலாம். வராட்டி அவரால ரெண்டுமே முடியாது. "தோணுச்சு"ங்கறதுல இருக்கற கோளாறு அதுதான்.

வேலை நடக்கற விதம் இது. முதல் வாசிப்பு பென்சில் இல்லாம. முன்னுரை, பின்னட்டை ரெண்டையும் கடைசிக்கு வெச்சுக்குங்க. அதை முதல்ல படிச்சா, முன்னுரைக்காரர் கண்டதைத்தான் நீங்களும் காண்பீங்க. முடிச்ச அன்னிக்கே, புத்தகத்தைத் திறக்காம, அரைப் பக்கம் எழுதுங்க: எது மனசுல நின்னுது, எங்க சலிச்சுது, எந்தப் பாத்திரத்தின் பேர் மறந்துபோச்சு. மறந்துபோன பேர் ரொம்ப உபயோகமான தகவல்.

ரெண்டாவது வாசிப்பு பென்சிலோட. கடைசி வெற்றுத்தாளில் பக்க எண், பக்கத்துல மூணே சொல். 250 பக்க நாவலுக்கு நாற்பதிலிருந்து அறுபது குறிப்பு வரும். நூத்தம்பது வந்துச்சுன்னா நீங்க தேர்ந்தெடுக்கலை, அடிக்கோடு போட்டிருக்கீங்க. அப்புறம் குறிப்புகளை இனம் பிரிக்கணும். ஒரே ஒரு இடத்துல மட்டும் வர்றதை அந்த நாவலின் குணம்னு சொல்லாதீங்க. மூணு இடமாவது வேணும்.

பலரும் தாண்டிப் போற படி அடுத்தது. உங்க முடிவுக்கு எதிரா இருக்கற பக்கங்களை வேணும்னே தேடுங்க. "பெண் பாத்திரங்கள் வெறும் நிழல்"னு முடிவு பண்ணிட்டீங்க, சரி. அந்த நிழல் ஒரு தடவையாவது தானா ஒரு முடிவெடுக்குதான்னு தேடிப் பாத்தீங்களா? ரெண்டு இடம் கிடைச்சா வாக்கியத்தை மாத்தணும்: "பெரும்பாலும் நிழல், இன்ன ரெண்டு இடம் தவிர." அந்தத் "தவிர" வந்த பிறகுதான் கேக்கறவர் உங்களை நம்புவார்.

ஆயிரம் சொல் கட்டுரைன்னா கதைச் சுருக்கம் இருநூறைத் தாண்டக்கூடாது. மேற்கோள் ரெண்டு மூணு, ஒவ்வொண்ணும் நாலு வரிக்குள்ள.

#3 சீனாபுரத்தான்

அரிக்கேன் ஐயா சொன்னதுக்குப் பழைய அளவுகோல் ஒண்ணு நம்ம பக்கத்துலயே கெடக்குது. நன்னூல் எழுதின பவணந்தி முனிவரைக் கொங்கு மண்டலச் சதகம் கொங்குக்காரராகத்தான் பாடுது. பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் அவர் ஊர்னு இங்க சொல்லுவாங்க. அந்த இலக்கண நூலின் முன்னுரையான பொதுப்பாயிரத்துல, ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம் வருது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை.

நாவலுக்கு இதுல மூணு கச்சிதமாப் பொருந்தும். மற்றொன்று விரித்தல்: ஆசிரியர் சாயப்பட்டறைக் கழிவு பத்தி நிறையத் திரட்டியிருப்பார், திரட்டினது வீணாகக்கூடாதுன்னு கதையை நிறுத்திப் பன்னண்டு பக்கம் கொட்டுவார். மயங்க வைத்தல்: ஒரே வீட்டுல பழனிச்சாமி, பழனியப்பன், பழனியம்மான்னு வெச்சுட்டு, உரையாடலில் யார் பேசறதுன்னே சொல்லாம விடறது.

சென்று தேய்ந்து இறுதல், அதாவது போகப் போக மெலிஞ்சு முடியறதுதான், தமிழ் நாவலுக்குப் பெரிய வியாதி. கண்டுபிடிக்கச் சுலப வழி இருக்குது. ஒரு தாளில் அத்தியாயம், பக்கங்கள், அதுல ஓடற காலம் மூணையும் குறிச்சுக்கிட்டே வாங்க. முதல் இருநூறு பக்கம் ரெண்டு வருசக் கதை, கடைசி முப்பது பக்கம் இருபது வருசம்னு வந்தா, ஏன் ஓடினார்னு கேக்கலாம். காரணத்தோட ஓடியிருந்தா அது உத்தி. களைச்சுப் போய் ஓடியிருந்தா அந்தக் கடைசிப் பக்கங்களில் காட்சியே இருக்காது, "பிறகு", "அதன் பின்", "காலம் உருண்டது"ன்னு செய்திதான் இருக்கும்.

#4 மேகலை காங்கயம்

சீனாபுரத்தாரே, அந்தப் பட்டியல் கதைக்குப் போட்டது கிடையாதுங்க. பவணந்தி "நூல்"னு சொல்றது இலக்கணம், சாத்திரம் மாதிரிப் பாடம் சொல்லும் நூலை. அதை அப்படியே எடுத்து நாவல் மேல வெச்சா அபத்தமாயிடும். கூறியது கூறல் இலக்கணத்துல குற்றம். ஒப்பாரியில அது உயிர். நாவலில் ஒரு கிழவி ஒரே நிலத்தகராறை மூணு தடவை சொன்னா உடனே குற்றம்னு எழுதிடாதீங்க. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. மூணாவது தடவை ஒரு பேர் விடுபட்டிருக்கா, குத்தம் வேற ஆள் மேல மாறியிருக்கா? மாறியிருந்தா அது ஆசிரியர் திட்டமிட்டுச் செஞ்சது. ஒரு சொல்லும் மாறலைன்னா பதிப்பாசிரியர் தூங்கியிருக்கார்.

"மயங்க வைத்தல்" அப்படித்தான். சில நாவல் வேணும்னே மயக்கும். மயக்கம் பின்னாடி எங்கயாவது பலன் தருதான்னு பாக்கணும்.

#5 சீனாபுரத்தான்

ஒத்துக்கறேன், மேகலை. இலக்கண நூலுக்கான அளவுகோல்தான் அது, கதைக்கு வரும்போது ஒவ்வொண்ணையும் கேள்வியா மாத்திக்கணும். ஆனா அதே பாயிரத்துல மாணாக்கரைப் பிரிக்கற இடம் விமர்சகருக்கு அப்படியே பொருந்தும். நெய் வடிகட்டற நெய்யரி கடை மாணாக்கர்ல சேர்த்தி: நெய்யைக் கீழ விட்டுட்டு கசடை மட்டும் பிடிச்சு வெச்சுக்கும். பிழை மட்டும் பொறுக்கற ஆள். ஆடும் அந்த வரிசைதான், ஒரு செடியில வயிறு நிறைய மேயாது, இங்க ரெண்டு வாய் அங்க ரெண்டு வாய். நாவலைப் பாதியில விட்டுட்டு விமர்சனம் எழுதறவங்களைப் பவணந்தி அப்பவே பாத்திருக்கார் போல.

#6 தோட்டத்துச்சாளை

தகவல் பிழை பத்திக் கேட்டீங்களே, அதுக்கு வர்றனுங்க. வட்டார நாவலுக்கு விமர்சகர் பாக்கவேண்டியது மூணு: வேலை, உறவுச்சொல், காலம்.

வேலைன்னா கவலை இறைக்கறதையே, அதாவது மாடு கட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கறதையே எடுத்துக்குவோம். மாடு சரிவுல கீழ எறங்கறப்பத்தான் தண்ணி மொள்ற சால் நிறைஞ்சு மேல வரும். எறங்கறப்ப ஓட்டறவர், சாலை இழுக்கற தடிச்ச கயிறான வடத்து மேல உக்காந்து தன் பாரத்தையும் சேர்த்துக் குடுப்பார். சால் மேல வந்ததும் வால்கயிறு தோல் பையோட வாயைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போடும், தண்ணி கொட்டும். அப்புறம் மாடு பின்னாலயே நடந்து சரிவு ஏறும், வெறுஞ்சால் கிணத்துக்குள்ள போகும். ஒரு நாவலில் "மாடுகள் மேடேறி மூச்சிரைக்க, சால் தளும்பி மேலே வந்தது"ன்னு இருந்தா, எழுதினவர் கவலையைப் படத்துலகூட ஒழுங்காப் பாக்கலைன்னு அர்த்தம்.

உறவுச்சொல்: கொங்குல அப்பாரு அப்பனைப் பெத்தவரு, அப்புச்சி அம்மாவைப் பெத்தவரு. ஆத்தா அப்பனைப் பெத்தவங்க, அம்மிச்சி அம்மாவைப் பெத்தவங்க. அப்பன் வழிச் சொத்துக்குத் தகராறு நடக்கற கதையில அப்புச்சி வந்து கையெழுத்துப் போட்டா மொத்தச் சிக்கலும் தலைகீழாயிடும்.

காலம்: 1940-ல நடக்கற கதையில பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் தண்ணி பாயக்கூடாது. பவானிசாகர் அணை வேலை 1948-ல தொடங்கி 1955-ல முடிஞ்சுது. ஈரோட்டுக்குப் பக்கத்துல காலிங்கராயன் வாய்க்கால்னு எழுதினா சரி, அது பல நூறு வருசத்துது.

#7 வெட்டிப்பேச்சு

அண்ணா, நாவல் என்ன வேளாண்மைக் கையேடா? மாடு ஏறினா என்ன, எறங்கினா என்ன. மனுசன் மனசு சரியா வந்திருக்கான்னு பாருங்க.

#8 தோட்டத்துச்சாளை

கேள்வி நியாயந்தானுங்க தம்பி. எல்லாப் பிழையும் ஒரே எடை கிடையாது. போற போக்குல ஒரு வரியில வந்த பிழைன்னா ஆசிரியருக்குத் தனியா ஒரு கடுதாசி போட்டாப் போதும், அடுத்த பதிப்புல திருத்திக்குவார். விமர்சனத்துல எழுதினா எடத்தைத்தான் அடைக்கும். காட்சியே அந்த வேலை மேல நின்னா விசயம் வேற. வடத்துல உக்காந்திருந்தவன் தவறி விழறதுதான் கதையின் திருப்பம்னு வெச்சுக்குங்க. மாடு எந்தப் பக்கம் போச்சு, வடம் எப்ப இழுவையில இருந்துச்சுன்னு தெரியாம அந்தச் சாவை எழுத முடியாது. அங்க பிழை இருந்தா மனசும் சேர்ந்து பொய்யாயிடும்.

இன்னொண்ணு, விமர்சகரும் அவசரப்படுவார். 1940-ல கோயம்புத்தூர்ப் பக்கம் கிணத்துல கரண்டு மோட்டார் ஓடுதுன்னு படிச்சதும் "காலப்பிழை"ன்னு துள்ளக்கூடாது. பைக்காரா மின்நிலையம் 1932-லயே ஓட ஆரம்பிச்சிருச்சு. பிழைன்னு எழுதறதுக்கு முன்னாடி, அது சரியா இருக்க வழி உண்டான்னு ஒரு தடவை தேடிப் பாக்கணும். பேச்சுவழக்குச் சொல்லுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி கைவசம் இருக்கட்டும். அதுல இல்லாததாலயே ஒரு சொல் தப்புன்னு ஆயிடாது. தாராபுரத்துச் சொல்லும் கோபிச் சொல்லும் ஒண்ணாவே இருக்கணும்னு இல்லைங்க.

#9 மேகலை காங்கயம்

பேச்சுமொழி பத்தி ஒண்ணு சேர்க்கறேன். 1942-ல வந்த "நாகம்மாள்" நாவலிலேயே ஆர். சண்முகசுந்தரம் கொங்குப் பேச்சை முழுமூச்சா எடுத்தாண்டிருக்கார். அதனால "வட்டார வழக்கில் எழுதியிருப்பது புதுமை"ங்கற வரியை இனி யாரும் எழுதவேண்டாம். கேக்கவேண்டிய கேள்வி வேற.

ஒரு பாத்திரம் பேசறதை மட்டும் தனியா நாலைஞ்சு இடத்துல பொறுக்கி எடுங்க. கவுண்டர் தன் தோட்டத்துல வேலை செய்யற பண்ணயத்தாளிடம் பேசறதும், சம்பந்தியிடம் பேசறதும், தாசில்தாரிடம் பேசறதும் ஒரே மாதிரி இருந்தா ஆசிரியர் எல்லா வாக்கியத்துக்கும் "ங்க" ஒட்டியிருக்கார், அவ்வளவுதான். யார் யாருக்கு "ங்க" போடறாங்க, யாருக்குப் போடறதில்லை, கோவம் வந்தா எது உதிருதுங்கறதுல சாதியும் சொத்தும் வயசும் அத்தனையும் இருக்குது. ரெண்டாம் அத்தியாயத்துல "வாங்க"ன்னு கூப்பிட்டவர் இருபதாம் அத்தியாயத்துல "வா"ன்னு கூப்பிடறார், நடுவுல என்ன நடந்துச்சு? அந்த ஒரு இடத்தை எடுத்துக்காட்டி அஞ்சு நிமிசம் பேசினா, கதைச் சுருக்கமே தேவையில்லை.

#10 சீனாபுரத்தான்

"விளக்கினாப் போதுமா"ங்கறதுக்கு அடியார்க்கு நல்லாரைப் பாக்கலாம். கொங்குநாட்டு நிரம்பை ஊர்க்காரர், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதினவர். உ.வே.சா. 1892-ல காப்பியத்தைப் பதிப்பிச்சப்ப இந்த உரையையும் சேர்த்துத்தான் போட்டார். இசை, நாடகம் வர்ற பகுதிக்கு இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல்னு அஞ்சு நூலைப் பேர் சொல்லி வெச்சுக்கறார். வெச்சுக்கிட்டு உடனே, இவை இந்தக் காப்பியத்தின் கருத்தறிஞ்சு எழுதின நூல்கள் இல்லை, ஒருபுடை ஒப்புமை (ஓரளவு ஒத்துப்போறது) கொண்டு பயன்படுத்தறேன்னு தன் ஆதாரத்தின் எல்லையையும் சொல்லிடறார்.

இன்னிக்கு ஒரு மேல்நாட்டுக் கோட்பாட்டை எடுத்து நாவல் மேல போர்த்தறவங்க இந்த ஒரு வரியை எழுதினாப் போதும். எங்க பொருந்துது, எங்க பொருந்தலைன்னு. தனக்கு முன்னாடி எழுதின அரும்பதவுரைக்காரரோட ஒத்துப்போகாத இடங்களும் அவர் உரையில உண்டு. முன்னவரைப் படிச்சுட்டுத்தான் வேறுபடறார்.

#11 அரிக்கேன்

நல்ல இடம். நவீன விமர்சனத்துலயும் இந்த இழுபறி தீரலை. சி.சு. செல்லப்பா 1959-ல "எழுத்து" இதழைத் தொடங்கினப்ப ஒரு கவிதையை, ஒரு கதையைப் பிரிச்சு அலசறதுல நின்னார். இன்னொரு விமர்சகரான க.நா.சு. பிரிச்சு அலசறதைவிட, நல்லதுன்னு தான் நினைச்சதைப் பட்டியல் போட்டுக் கைகாட்டினார். பட்டியலில் வாசகருக்குப் புத்தகம் கிடைக்கும், காரணம் கிடைக்காது. அலசலில் காரணம் கிடைக்கும், ஆனா ஒரு கதைக்கே பத்துப் பக்கம் போயிடும். இலங்கை விமர்சகர் கைலாசபதி நாவலைச் சமூக வரலாற்றோட சேர்த்துப் படிச்சார். வர்க்கம் துலங்கும், வாக்கியம் மங்கும்.

நம்ம ஊர்ல கோவை ஞானி. சோமனூர்க்காரர், மார்க்சியர். "நிகழ்", "தமிழ் நேயம்" இதழ்களை நடத்தினவர். பார்வை போன பிறகும் அடுத்தவங்க படிக்கக் கேட்டு விமர்சனம் எழுதிக்கிட்டே இருந்தார், 2020-ல மறையற காலம் வரைக்கும். அவர்கிட்டக் கத்துக்கவேண்டியது, தன் கொள்கைக்கு ஒத்துவராத எழுத்தாளரையும் முழுசாப் படிச்சு, அவர் எந்தக் கேள்வியோட எழுதறார்னு முதல்ல வகுத்துச் சொல்றது. அப்புறந்தான் உடன்பாடும் மறுப்பும்.

நொய்யல்கரை, உங்க வட்டத்துக்கு இதுல எந்தக் கட்சியும் வேண்டாம். ஒரே மாசத்துல ஒருத்தர் மொழியைப் பாக்கட்டும், இன்னொருத்தர் நிலவுடைமையைப் பாக்கட்டும்.

#12 நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சிக்கல். ஒண்ணு, எழுதினவங்க பலபேர் இங்கயே இருக்கறவங்க, கல்யாணம் காட்சியில பாக்கறவங்க. கடுமையாச் சொன்னா வழக்குப் போடுவேன்னு மிரட்டறதும் உண்டு. ரெண்டாவது, முதல் நாவல் எழுதின சின்னப் பிள்ளைங்களை எப்படிப் பேசறது?

#13 கோர்ட்டு வீதி

முதல் சிக்கலுக்கு. அவதூறு முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 499, 500-ல இருந்துச்சு. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 356. பொதுமக்கள் மதிப்பீட்டுக்குன்னு ஆசிரியர் வெளியிட்ட படைப்பின் தரத்தைப் பத்தி நல்லெண்ணத்தோட கருத்துச் சொல்றது அவதூறு ஆகாதுன்னு விதிவிலக்கு ரெண்டுலயும் உண்டு. ஆசிரியரின் குணத்தைப் பத்தியும் சொல்லலாம், ஆனா அந்தப் படைப்புல தெரியற அளவுக்கு மட்டும். அதுக்கு மேல போகக்கூடாது.

சட்டத்துலயே உதாரணம் குடுத்திருக்காங்க. "இன்னாரின் புத்தகம் முட்டாள்தனமானது, அவர் பலவீனமான ஆளாகத்தான் இருக்கணும்"னா விதிவிலக்குக்குள்ள வரும். "அவர் பலவீனர், ஒழுக்கங்கெட்டவர், அதனால புத்தகம் இப்படி இருக்கறதுல ஆச்சரியமில்லை"ன்னா வராது. வித்தியாசம் திசையில இருக்கு: புத்தகத்துலிருந்து ஆளுக்குப் போனா ஒண்ணு, ஆளுலிருந்து புத்தகத்துக்கு வந்தா வேற. ஆகவே "கடன்ல கிடக்கறார், காசுக்கு எழுதினார்" மாதிரி வரி மேடையிலயும் வேண்டாம், வாட்ஸ்அப்லயும் வேண்டாம்.

மேற்கோளுக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52, விமர்சனத்துக்காக நியாயமா எடுத்தாள்றதை மீறல் இல்லைன்னு சொல்லுது. இத்தனை சொல்னு எண்ணிக்கை சட்டத்துல இல்லை. ஒரு முழு அத்தியாயத்தையே ஸ்கேன் பண்ணிக் குழுவுல போட்டுட்டு அடியில "அருமை"ன்னு எழுதினா அது விமர்சனக் கணக்குல சேராது.

#14 மேகலை காங்கயம்

ரெண்டாவதுக்கு. முதல் நாவலுக்கு அளவுகோலைத் தாழ்த்தாதீங்க, எண்ணிக்கையைக் குறைங்க. இருபது குறை இருந்தாலும் ரெண்டு மட்டும் எடுங்க, அதுவும் அடுத்த நாவலில் அவங்க மாத்திக்க முடியற ரெண்டு. "கண்ணோட்டம் அத்தியாயத்துக்கு நடுவுல தாவுது, இன்ன பக்கம்"னா மாத்திக்கலாம். "ஆழம் இல்லை"ன்னா என்னத்தைச் செய்யறது? நல்லா வந்த ஒரு பக்கத்தை முழுசா வாசிச்சுக் காட்டுங்க. சும்மா பாராட்டறதைவிட, எது நல்லா வந்திருக்குன்னு அவங்களுக்கே தெரியப்படுத்தறது பெரிய உதவி.

வெளியீட்டு விழாவில் விமர்சனம் பேசக் கூப்பிட்டா மறுத்துடலாம். அங்க வாழ்த்துரைக்குத்தான் இடம். பொன்னாடையைத் தோள்ல போட்டுக்கிட்டு குறை சொல்லவும் முடியாது, பொய் சொல்லவும் கூடாது. ஆசிரியர் உறவுக்காரர், நண்பர், இலவசப் பிரதி குடுத்தவர்னா அதைப் பேச்சின் முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க. கடைசியில சொன்னா ஒளிச்சு வெச்ச மாதிரி ஆயிடும்.

#15 வெட்டிப்பேச்சு

அப்ப பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவல் விவகாரத்துல நடந்ததெல்லாம் விமர்சனமா, இல்லையா?

#16 அரிக்கேன்

2010-ல வந்த நாவல், 2014 கடைசியில எதிர்ப்புக் கிளம்புச்சு, 2016 ஜூலையில உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. அதைப் பேச ஆரம்பிச்சா இந்த இழை தாங்காது. விமர்சகருக்கு அதுல ஒரு வேலை மட்டும் சொல்றேன்: நாவலிலிருந்து பிச்சு எடுத்த பக்கங்கள் கைக்கு வந்தா, அதுக்கு முன்னாடி இருபது பக்கமும் பின்னாடி இருபது பக்கமும் படிச்சுட்டு, அந்தப் பகுதி யார் மனசு வழியா சொல்லப்படுதுன்னு எடுத்துச் சொல்றது. பாத்திரம் நினைக்கறதை ஆசிரியர் கூற்றாப் படிச்சா எந்த நாவலும் தப்பிக்காது. பிடிக்கலைன்னு சொல்ற உரிமை அதுக்குப் பிறகும் முழுசா இருக்கு. ஆளை ஊரை விட்டு அனுப்பற உரிமை எந்த வாசகருக்கும் இல்லை.

#17 நொய்யல்கரை

சரிங்க ஐயா. இருபது நிமிசத்தை எப்படிப் பிரிக்கறது?

#18 அரிக்கேன்

கதைக்கு மூணு நிமிசம். முடிவைச் சொல்லவேண்டாம், பாதி வரைக்கும் போதும். வட்டத்துல பாதிப்பேர் படிக்காமத்தான் வந்திருப்பாங்க. ரெண்டு நிமிசம் ஆசிரியர் எதைச் செய்ய முயற்சி பண்ணியிருக்கார்னு. அடுத்த பத்து நிமிசமும் ரெண்டே ரெண்டு பகுதியை வாசிச்சு அலசறதுக்கு, ஒண்ணு நல்லா வந்தது, ஒண்ணு சறுக்கினது. ஒரு பகுதி அரைப்பக்கத்துக்கு மேல போனா கேக்கறவங்க கவனம் கலைஞ்சுடும். மூணு நிமிசத்துல தீர்ப்பு, அதோட "தவிர"வும். மிச்சம் ரெண்டு நிமிசத்துல கூட்டத்துக்கு ஒரு கேள்வி போட்டுட்டு உக்காருங்க. "உங்களுக்குப் பிடிச்சுதா"ன்னு கேக்காதீங்க, ஆமா இல்லைன்னு முடிஞ்சுடும். "இன்ன அத்தியாயத்துல அவ பொய் சொன்னாளா, மறந்துட்டாளா"ன்னு கேளுங்க.

#19 தோட்டத்துச்சாளை

ஒரு சின்ன விசயமுங்க. கூட்டத்துல ஒருத்தர்கிட்ட முதல் பதிப்பு இருக்கும், இன்னொருத்தர்கிட்ட மூணாவது, வேற பதிப்பகம். சின்ன வயசுப் பசங்க போன்ல படிப்பாங்க. பக்க எண் மட்டும் சொன்னா ஆளாளுக்கு வேற வேற எடத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு முழிப்பாங்க. அத்தியாய எண்ணையும், அந்தப் பத்தியோட முதல் ரெண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லிருங்க.